நாய்க்குட்டியின் நடை: நிமிடக் கணக்கு சொல்லாத சங்கதிகள்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கிளம்பிவிடும் கேள்வி ஒன்று உண்டு: "தினமும் எவ்வளவு நேரம் வாக்கிங் கூட்டிப் போகணும்?" இதற்கு ஒரு தயார் பதிலும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வயதில் மாதத்துக்கு ஐந்து நிமிடம். மூன்று மாதக் குட்டி என்றால் 15 நிமிடம், நான்கு மாதம் என்றால் 20, ஆறு மாதம் என்றால் அரை மணி நேரம். நாளுக்கு அதிகபட்சம் இரண்டு தடவை. நாய் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள், பல டாக்டர்களும் சொல்கிறார்கள்.

குட்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றைக் குறைவாகவும் இன்னொன்றை அதிகமாகவும் நடக்கவைத்து, பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்த எண் அல்ல அது. அனுபவசாலிகள் குத்துமதிப்பாக வைத்த எல்லை. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆர்வத்தில் மூன்று மாதக் குட்டியைக் கடற்கரை வரை இழுத்துக்கொண்டு நடக்கிறவரை நிறுத்த அது உதவும். ஆனால் எந்தத் தரையில், எந்த வேகத்தில், யாருடைய விருப்பத்துக்கு, எவ்வளவு எடையோடு, எந்த வெயிலில் அந்தக் குட்டி ஓடுகிறது என்பவை நிமிடக் கணக்கைவிடப் பெரிய விஷயங்கள். நம் ஊர் வீடுகளில், அதுவும் அடுக்குமாடிகளில், இது இரண்டு மடங்கு உண்மை.

முதலில் எலும்பு. குட்டியின் கால் எலும்பு அதன் இரண்டு நுனிகளுக்கு அருகேதான் வளர்கிறது. அங்கே இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கும். வளர்ச்சித் தட்டு என்பார்கள். அதில் செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி, பழைய அடுக்கு எலும்பாக மாற மாற, கால் நீள்கிறது. வளர்ச்சி முடிந்ததும் தட்டு முழுவதும் எலும்பாகி மூடிக்கொள்ளும். பக், ஷீ சூ, பொமரேனியன் மாதிரி சின்ன இனங்களுக்கு ஆறு முதல் எட்டு மாதத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். நம் தெரு நாட்டு நாய் அளவு உடம்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் என்றால் 12 முதல் 18 மாதம். கிரேட் டேனுக்கு அதையும் தாண்டிப் போகலாம்.

மூடும் வரை அந்தத் தட்டுதான் காலின் பலவீனமான இடம். மூட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்களைவிட அது மெலிது. வளர்ந்த நாய்க்குச் சுளுக்கோடு போகிற ஒரு விழுதல், குட்டிக்குத் தட்டு முறிவாக முடியலாம். மனிதக் குழந்தைகளுக்கும் இதே நிலைதான். 1963இல் கனடாவின் சால்டர், ஹாரிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் குழந்தைகளின் தட்டு முறிவுகளை வகை பிரித்தார்கள். கால்நடை மருத்துவர்கள் இன்றும் குட்டிகளுக்கு அதே வகைப்பாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முன்னங்காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பின்பக்க எலும்பின் வளர்ச்சியில் பெரும்பகுதி மணிக்கட்டுக்கு மேலே உள்ள ஒரே ஒரு தட்டிலிருந்துதான் வருகிறது. நாய்களில் அந்தத் தட்டு கூம்பு வடிவம். அதனால் குதித்து இறங்கும்போதோ விழும்போதோ வருகிற அடி, பக்கவாட்டில் நழுவிப் போக வழியில்லாமல் அதை நசுக்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் அன்றைக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம். சில வாரம் கழித்துப் பின் எலும்பு நின்றுவிட, முன் எலும்பு மட்டும் வளர, வில்லும் நாணும் போல கால் வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சின்ன அறுவை சிகிச்சையோடு சரிசெய்ய வாய்ப்புண்டு. வளர்ச்சி முடிந்த பிறகு போனால் எலும்பை வெட்டி நேராக்க வேண்டியிருக்கும்.

இந்தக் காயங்கள் மெதுவாக நடப்பதால் வருவதில்லை. சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிப்பது, குழந்தை கையிலிருந்து நழுவி விழுவது, ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் நிற்கவைத்துக் கூட்டிப் போகும்போது எகிறிக் குதிப்பது, பெரிய நாயோடு முரட்டு விளையாட்டு. நிமிடக் கணக்கைச் சரியாகக் கடைப்பிடிக்கிற வீட்டில்கூட இதெல்லாம் நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கும்.

அடுத்து இடுப்பு மூட்டு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படுவது ஹிப் டிஸ்ப்ளேசியா என்கிற கோளாறுக்குத்தான். தொடை எலும்பின் உருண்டை, இடுப்புக் குழியில் கச்சிதமாக உட்காராமல் தளர்ந்து ஆடி, நாளடைவில் தேய்ந்து வலி தருகிற நிலை அது. பரம்பரை இதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஆனால் குட்டி பிறக்கும்போது மூட்டு பார்க்க ஒழுங்காகவே இருக்கும். முதல் சில மாதங்களில் அது எப்படி உருவாகிறது என்பதில் வளர்ப்புக்கும் பங்குண்டு.

நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் மிகவும் முக்கியமானது. நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு பெரிய இனங்களில் சுமார் 500 நாய்களைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து, பிறகு இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரையிலான காலத்தில் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு டிஸ்ப்ளேசியா ஆபத்து கூடியிருந்தது. அதே மூன்று மாதத்தில் கயிறு இல்லாமல் வெளியில் ஓடித் திரிந்த குட்டிகளுக்கு ஆபத்து குறைந்திருந்தது. பண்ணைகளில் பிறந்தவை, வசந்தத்திலும் கோடையிலும் பிறந்தவை ஆகியவற்றுக்கும் குறைவு. நார்வேயின் குளிர்காலத்தில் குட்டிகள் வீட்டுக்குள் அடைபட்டுத்தான் இருக்கும். நல்ல பருவத்தில் பிறந்தால் வெளியே போகலாம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது எதையும் மாற்றிப் பார்க்காமல், நடந்ததைக் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வு. படிக்கட்டுதான் காரணம் என்று முடிந்த முடிவாக இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மேடு பள்ளமான மண்ணில் குட்டி தன் இஷ்டத்துக்கு ஓடி, மோந்து பார்த்து, களைத்தால் படுத்துக்கொள்வது தொடையையும் பின்பக்கத் தசைகளையும் உறுதிப்படுத்தும், தசை உறுதியாக இருந்தால் உருண்டை குழிக்குள் நன்றாக உட்காரும் என்பது எலும்பு மருத்துவத்தோடு பொருந்துகிற விளக்கம். "எலும்பு பிஞ்சு, அதனால் அசையவிடாதே" என்று குட்டியைக் கூண்டிலோ பால்கனியிலோ பூட்டி வைப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அது தவறான பாதுகாப்பு.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை குட்டிகள் தென் மாவட்டக் கிராமங்களில் தோட்டத்து மண்ணில் தாயின் பின்னாலேயே ஓடி வளரும். நார்வே ஆய்வு நல்லது என்று காட்டிய சூழலுக்கு அது மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குட்டிகளை வாங்கிவந்து சென்னையில் ஆறாவது மாடியில் டைல்ஸ் தரையில் விடும்போதுதான் கதை மாறுகிறது. சிப்பிப்பாறை ஓடுவதற்காகவே பிறந்த உடம்பு. வழுக்குகிற ஹாலில் அது வேகமெடுத்துச் சுவரருகே திரும்புவதைப் பார்க்கவே பதறும்.

டைல்ஸ் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் குட்டி வளர்ப்பைப் பற்றிப் பேச முடியாது. விட்ரிஃபைடு டைல்ஸ், கிரானைட், மார்பிள் எல்லாமே குட்டியின் பாதத்துக்குப் பிடி தராதவை. பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போவதை நாம் பார்த்துச் சிரிக்கிறோம். இடுப்பு மூட்டு உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஒரு நாளைக்குப் பல முறை, அது உருண்டையைக் குழியிலிருந்து வெளிப்பக்கம் தள்ளுகிற அசைவு. குட்டி அதிகம் புழங்கும் வழியில் ரப்பர் பாய், பழைய ஜமுக்காளம், கயிற்றுப் பாய் என்று எதையாவது நழுவாத மாதிரி விரித்துவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் இடத்திலும் கட்டாயம் விரிக்க வேண்டும். நகம் நீளமாக இருந்தால் இன்னும் வழுக்கும், அதையும் வெட்டி வைக்க வேண்டும். செலவு அதிகமில்லாத இந்த வேலை, வாக்கிங்கில் ஐந்து நிமிடம் குறைப்பதைவிடப் பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாடிப்படியில் மூன்று மாதம் வரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. ஐந்து மாத லேபை, அதாவது லாப்ரடாரைத் தூக்க முடியாது. அந்த நிலையில் லிஃப்ட் இருந்தால் லிஃப்ட், இல்லையென்றால் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். இறங்குவதுதான் ஏறுவதைவிட முன்னங்கால்களுக்குக் கஷ்டம்.

பந்து விளையாட்டும் இப்படித்தான். ஸ்வீடனில் லாப்ரடார்களை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், உரிமையாளர் எறியும் பந்தையும் குச்சியையும் துரத்தி ஓடுவது இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறுகளோடு தொடர்புள்ள ஆபத்தாகத் தெரிந்தது. ஏன் என்று யோசித்தால் புரியும். பந்தைத் துரத்தும் குட்டி முழு வேகமெடுக்கிறது, திடீரென்று பிரேக் போடுகிறது, உடம்பை முறுக்கித் திரும்புகிறது, சில சமயம் எகிறிக் கவ்வுகிறது. போதும் என்று அதுவாக நிறுத்தாது, ஏனென்றால் எறிவது நாம். குட்டிக்கு விளையாட ஆசையாக இருந்தால் பந்தைத் தரையோடு உருட்டுங்கள், கொஞ்ச தூரத்துக்கு, நாலைந்து முறை. மொட்டை மாடியில் நின்று இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்கு எறிவதை ஒரு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

சரி, வாக்கிங் எப்போது தொடங்கலாம்? இங்கே தடுப்பூசி குறுக்கே வருகிறது. பார்வோ வைரஸ் 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. ரத்தக் கழிச்சலோடு குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும். மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நம் தெருக்களில் தடுப்பூசி போடாத நாய்கள் நிறைய. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை, மூன்றாவது மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான ஊசி என்று போகும். இந்த வரிசை முடியும்வரை தெருவிலும் பொதுப் பூங்காவிலும் தரையில் இறக்காமல் இருப்பதுதான் நல்லது.

ஆனால் குட்டி உலகத்தைக் கண்டு பயப்படாமல் பழகிக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான். ஊசி முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், பிறகு ஆட்டோ சத்தத்துக்கும் மழைக்கோட்டு போட்டவருக்கும் குக்கர் விசிலுக்கும் பயப்படுகிற நாயாக வளரும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம், முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆனதும் சுத்தமான இடங்களில் பழக்கத் தொடங்கலாம் என்றே சொல்கிறது. நம் ஊரில் அதைச் செய்யும் வழி: கையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போவது, ஊசி எல்லாம் போட்டு நல்ல உடம்போடு இருக்கும் நாய் உள்ள தெரிந்த வீட்டுக்குப் போவது, காரில் உட்காரவைத்துக் கூட்டிப் போவது, தெரு நாய்கள் வராத சொந்த வாசலிலும் தோட்டத்திலும் விடுவது.

வெயிலைப் பற்றி வெளிநாட்டுக் கணக்குகள் போதுமான அளவு பேசுவதில்லை. நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரப்பதமான ஊர்களில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. குட்டிக்குச் சூட்டைச் சமாளிக்கும் திறமை இன்னும் குறைவு. மூக்கு தட்டையான பக் குட்டிக்கு அதைவிடவும் குறைவு.

தார் ரோடு தனிச் சங்கதி. காற்று வெறும் 25 டிகிரி இருக்கும் நாளிலேயே நல்ல வெயிலில் தார் 50 டிகிரியைத் தாண்டிவிடும். கத்திரி வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் குட்டியும் நடக்கக் கூடாது. மாலை ஆறு மணிக்கும் தார் சுட்டுக்கொண்டிருக்கலாம், அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை விடியற்காலைதான் சரியான நேரம். குட்டி தள்ளாடினால், ஈறு அளவுக்கு மீறிச் சிவந்தால், வாந்தி எடுத்தால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்க சாதாரணத் தண்ணீர் ஊற்றி மின்விசிறிக்கு அடியில் கிடத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மதிய நேரத்தில் மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும். ஊற்றும் முன் தொட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு நடைமுறை எப்படி இருக்கும்? மூன்று மாதம் வரை வாக்கிங் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. வாசலில், தோட்டத்தில், பாய் விரித்த ஹாலில் நாளுக்கு நாலைந்து முறை கொஞ்ச நேரம் விளையாட்டு. கழுத்தில் பெல்ட், கயிறு என்று பழக்குவதும் அந்த விளையாட்டுக்குள்ளேயே. ஊசி வரிசை முடிந்துவிடும் நான்கு மாத வயதில் காலையும் மாலையும் 15, 20 நிமிடம் மெல்லிய நடை. இங்கே அந்த ஐந்து நிமிடக் கணக்கு நன்றாகவே பயன்படும், ஏனென்றால் கயிற்றில் நடக்கும்போது வேகத்தையும் தூரத்தையும் நிர்ணயிப்பது மனிதர். ஒரே சீராக சிமென்ட் தரையில் நம் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போவது குட்டிக்குச் சலிப்பு, மூட்டுக்கும் ஒரே மாதிரி அடி. நின்று மோந்து பார்க்க விடுங்கள். ஒரு மின்கம்பத்தடியில் மூன்று நிமிடம் மோந்து பார்ப்பது அதன் மூளைக்கு நல்ல வேலை. புல்லில் போய்வந்தால் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம்.

ஆறு மாதத்துக்கு மேல், சின்ன இனங்களுக்குப் பெரிய கட்டுப்பாடு தேவைப்படாது. நாட்டு நாய்க்குட்டி ஒல்லியாக, லேசாக இருக்கும். தன் அளவு அதற்கே தெரியும், சுதந்திரமாக ஓடவிட இடம் கிடைத்தால் போதும். லேபும் ஷெப்பர்டும் இந்த வயதில் பார்க்கப் பெரிய நாய் மாதிரி இருக்கும். அங்கேதான் பலரும் ஏமாந்து, பைக் பக்கத்தில் ஓடவிடுகிறார்கள், தாங்களும் ஜாகிங் போகும்போது கூட்டிப் போகிறார்கள். உள்ளே தட்டுகள் இன்னும் திறந்துதான் இருக்கும்.

சாயங்காலமானால் குட்டி பைத்தியம் பிடித்த மாதிரி ஹாலைச் சுற்றி ஓடி, கால் விரலைக் கடித்து, துணியை இழுக்கும். "எனர்ஜி தீரவில்லை, இன்னும் நடக்கவைக்கணும்" என்று எடுத்துக்கொள்வது பலர் செய்வது. பெரும்பாலும் அது தூக்கம் போதாத குட்டி. சின்னக் குட்டி நாளுக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தூங்கவே விடமாட்டார்கள். இருட்டான, சத்தமில்லாத மூலையில் கொண்டுபோய் விட்டால் பத்து நிமிடத்தில் உறங்கிவிடும்.

நடையைவிட மூட்டைப் பாதிப்பது உடல் எடை. அமெரிக்காவில் 1987இல் 48 லாப்ரடார் குட்டிகளோடு தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றில் இடுப்புக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. ஆயுளும் நடுமதிப்பில் 11.2 வருடத்துக்குப் பதில் 13 வருடம். பிறக்கும்போது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும் லேப் குட்டி ஒரு வருடத்துக்குள் 25, 30 கிலோ ஆகிறது. அந்த வேகத்தை இன்னும் கூட்டுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. "நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று பாராட்டு வாங்குகிற லேப் குட்டி எனக்குக் கவலையைத்தான் தருகிறது. விலாவைத் தடவினால் எலும்புகள் விரலில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும்.

கூடவே கால்சியம் டானிக். குட்டி வாங்கும்போதே பலர் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிடுகிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அளவுக்கு மீறிக் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சியே கோணலானது. சின்னக் குட்டிகளின் குடல், வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாதது. குட்டிகளுக்கென்று தயாரித்த நல்ல தீவனம் சாப்பிடும் பெரிய இனக் குட்டிக்குத் தனி டானிக் தேவையில்லை. வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். வெறும் பால் சாதத்தில் கால்சியம் குறைவாகவும் இருக்கக்கூடும், அதுவும் கெடுதல்தான்.

அதிகமாகிவிட்டது என்பதைக் குட்டியே சொல்லிவிடும். நடுவழியில் உட்கார்ந்துவிடும், பின்தங்கும். அடம் என்று நினைத்து இழுக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலையில் விறைப்பாக எழுந்தால், முயல் மாதிரி பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து ஓடினால், மேலே ஏறத் தயங்கினால், ஒரு காலைத் தாங்கி நடப்பது ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஷெப்பர்டு குட்டிகளுக்கு இன்று ஒரு கால், அடுத்த வாரம் இன்னொரு கால் என்று மாறி மாறி நொண்டல் வருவதுண்டு. அது எலும்பு வீக்கம், வளர்ந்ததும் போய்விடும், ஆனால் அதுதான் என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை விஷமாகலாம்.

கூட ஓடுவதற்கு ஒரு துணை வேண்டும் என்றுதான் லேப் வாங்கினேன் என்பவர்களுக்கு: 15 முதல் 18 மாதம் வரை பொறுங்கள். அப்போது இடுப்பையும் முழங்கையையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தட்டுகள் மூடிவிட்டன, மூட்டுகள் ஒழுங்காக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னதும், மண் தரையில் ஐந்து நிமிட ஓட்டத்திலிருந்து தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.